முப்பது நம்பர் நட்டும் முக்காலமும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு விண்கப்பல் தொலைந்துபோனது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எங்கள் ஊர் சுரண்டைக்கு ஏது கப்பல், அதுவும் மொட்டை மாடிக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அதனால் நட்டில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

லாரி ஒர்க்‌ஷாப்பில் முப்பது நம்பர் ஸ்பானர் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அது கவ்வுகிற நட்டு, பட்டைக்குப் பட்டை 30 மில்லிமீட்டர். கையில் வைத்தால் கனம் தெரியும். அதன் ஓட்டையில் எம்சீலைப் பிசைந்து அடைத்து, காய்வதற்குள் இரண்டு அங்குலத்துக்கு நறுக்கிய சைக்கிள் போக்ஸ் கம்பியை நெட்டுக்குத்தலாக நிறுத்த வேண்டும். கம்பியின் உச்சியில், சவரம் பண்ணித் தூக்கிப்போட்ட பிளாஸ்டிக் ரேசரின் கைப்பிடி. தலையை ஒடித்துவிட்டு அந்தக் கைப்பிடியை மட்டும் படுக்கைவசமாகப் பாருங்கள். அதன் வளைவும், பிடிமானத்துக்காகப் போட்டிருக்கும் வரிவரியான பள்ளங்களும் ஏதோ ஒரு ஆங்கிலப் படத்துக் கப்பல் போலவே இருக்கும். பின்பக்கம் தையல் மெஷின் பாபின் இரண்டை ஃபெவிக்விக் வைத்து ஒட்டினால் என்ஜின். மேலே சாம்பல் நிற ஸ்ப்ரே பெயின்ட். முடிந்தது. வெளிநாட்டில் இருந்து அச்சு வார்த்த பொம்மைக் கப்பல் வரவழைக்க ஒருமுறை விலை பார்த்தேன். கப்பல் விலையை விடக் கப்பல் கூலி ஜாஸ்தி. மேலே சுங்க வரி வேறு. அன்றைக்கே ரேசர் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன்.

நட்டு முதலிலேயே தோன்றிய யோசனை இல்லை. நான் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு விழா, கருமாதிப் பத்திரிகை எல்லாம் அடிப்பேன். பிழை விழுந்த அட்டைக்குக் கடையில் பஞ்சமே கிடையாது. அதை வெட்டி, ஒரு அம்புக்குறி போட்டுக் காய் ஆக்கியிருந்தோம். ஆனி பிறந்ததும் ஆரியங்காவு, செங்கோட்டைப் பக்கமாக இறங்குகிற காற்று இருக்கிறதே, அதற்குக் கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஒரு பொருட்டா? குற்றாலத்துக்காரர்களுக்குச் சாரல் என்றால் எங்களுக்கு வருவது பெரும்பாலும் அதன் காற்றுதான். ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம் ஆடிய ஆட்டம், பதினெட்டுக் கப்பலும் ஒரே வீச்சில் எழும்பிப் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் போய் உட்கார்ந்தன. அன்றைக்கு ஜெயிக்கிற கட்டத்தில் இருந்தவர் மண்டி அண்ணாச்சி. மறுநாள் காலை கடை திறக்கும்போது வாசலில் ஒரு சாக்குப்பையோடு நின்றார். உள்ளே இருபது நட்டு.

"இதத் தூக்கட்டும் பாப்போம், அந்தக் காத்து" என்றார்.

நட்டு வந்த பிறகுதான் இன்னொன்று புரிந்தது. நாங்கள் ஆடுகிற தரைப்படம் முழுக்க அறுகோணக் கட்டம். நட்டும் அறுகோணம். கட்டத்தின் ஆறு பக்கத்தோடு நட்டின் ஆறு பட்டையும் ஒட்டி நிற்கும். கப்பல் எந்தப் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதில் இனித் தகராறே வராது. அண்ணாச்சி காற்றுக்குத்தான் நட்டு கொண்டுவந்தார். தெரிந்து செய்த மாதிரி இப்போது சொல்லிக்கொள்கிறார், சொல்லட்டும்.

நாங்கள் நாலு பேர். காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி. பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்து ரிட்டயர்டு ஆன சார்வாள். இன்ஜினீயரிங் படிக்கிற என் அக்கா மகன், லீவுக்கு வந்தால் மட்டும். பிறகு நான்.

ஆரம்பம் 2012 மின்வெட்டுக் காலம். சென்னையை விட்டு வெளியே இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. ஊரைச் சுற்றிக் காற்றாலைக் காத்தாடி சுற்றும், ஊருக்குள் ஃபேன் சுற்றாது. கம்ப்யூட்டரை நம்பிப் பிழைக்கிறவன் என்ன செய்வான்? அதற்கு முன்பே இணையத்தில் இருந்து ஒரு விதிப்புத்தகத்தை இறக்கி, ஒரு பக்கம் அடித்த வேஸ்ட் பேப்பரின் பின்பக்கத்தில் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். ஃபுல் திரஸ்ட் என்று பெயர். இங்கிலாந்துக்காரர் ஜான் டஃப்லி தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுதியது. அவருடைய கிரவுண்ட் ஸீரோ கேம்ஸ் பொம்மைக் கப்பலை விற்கிறது, விதிப்புத்தகத்தை இலவசமாகவே கொடுத்துவிடுகிறது. இந்த வியாபாரக் கணக்கு அண்ணாச்சிக்கு இன்று வரை பிடிபடவில்லை. "விதைய ஓசியில குடுத்துட்டு உரத்த விக்கானா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அதுதான்.

அதில் ஒரு விதி எனக்கு உடனே பிடித்துப்போனது. யாரும் வரிசையாகக் காய் நகர்த்த மாட்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில், ரகசியமாக, எந்தக் கப்பலை என்ன செய்யப்போகிறோம் என்று சீட்டில் எழுதி வைத்துவிட வேண்டும். பிறகு மொத்தமாகத் திறந்து எல்லாக் கப்பலையும் நகர்த்துவது. எங்கள் சீட்டு, சந்தேகமில்லாமல், பிழை விழுந்த பத்திரிகைதான். முன்பக்கம் மணமகன் மணமகள் பெயர், பின்பக்கம் பீரங்கி எந்தப் பக்கம் என்று.

பெரிய ஆட்கள் பொம்மை வைத்து ஆடுவதா என்று வீட்டில் கேட்காத ஆள் இல்லை. எச்.ஜி. வெல்ஸ் ஐம்பதை நெருங்குகிற வயதில் தரையில் குப்புறப்படுத்து ஈயச் சிப்பாய்களை வைத்து ஆடி, 1913-ல் அதற்கு ஒரு விதிப்புத்தகமும் போட்டார் என்று நான் பதில் சொல்வேன். வெல்ஸ் யார் என்று அடுத்த கேள்வி வரும். அதோடு பேச்சு முடியும்.

ஃபுல் திரஸ்ட்டை எழுதினபடி ஆட அங்குல டேப் வேண்டும். இவ்வளவு அங்குலம் முன்னே, இவ்வளவு திரும்பு என்று மேஜை மேல் அளந்து அளந்து நகர்த்த வேண்டும். நாலு பேர், நாலு கண், நாலு அளவு. அண்ணாச்சி டேப் பிடித்தால் எப்போதும் அரை அங்குலம் அவர் பக்கம் சாயும். மண்டியில் பழகிய கை. அதனால் கட்டத்துக்கு மாறினோம்.

சதுரக் கட்டம் போதாதா என்றால், போதாது. சதுரத்தில் நேராக ஒரு கட்டம் போவதும் குறுக்காக ஒரு கட்டம் போவதும் ஒரே தூரம் இல்லை. குறுக்கே போகிறவனுக்கு 41 சதவீதம் கூடுதலாக ஓசியில் கிடைக்கும். அறுகோணத்தில் சுற்றியிருக்கிற ஆறு கட்டமும் நடுவில் இருந்து சம தூரம். அதற்காகத் தப்பே வராது என்று இல்லை. இரண்டு கட்டத்துக்கு நடுவே உள்ள கோட்டை ஒட்டிப் போக நினைத்தால் கப்பல் வளைந்து வளைந்துதான் போக வேண்டும், கணக்கில் 15 சதவீதம் போல தூரம் கூடிவிடும். ஆனால் 41 எங்கே, 15 எங்கே? போர் விளையாட்டுக்காரர்களும் சதுரத்தில் இருந்து இதற்கு வந்தவர்கள்தான். அமெரிக்காவில் சார்லஸ் ராபர்ட்ஸின் அவலான் ஹில் கம்பெனி 1958-ல் கெட்டிஸ்பர்க் என்ற விளையாட்டைச் சதுரக் கட்டத்தில் போட்டது, 1961-ல் அதையே அறுகோணமாக்கி மறுபடி போட்டது. அதற்கு முன்பே ராண்ட் என்ற ராணுவ ஆராய்ச்சி நிறுவனம் அறுகோணத்தைத்தான் வைத்திருந்தது.

இடைவெளி விடாமல் தரையை நிரப்ப ஒழுங்கான வடிவம் மூன்றே மூன்றுதான்: முக்கோணம், சதுரம், அறுகோணம். அதில் குறைந்த மெழுகில் நிறைய இடம் பிடிப்பது அறுகோணம் என்று தேனீக்கு எப்போதோ தெரியும். அதைக் கணக்குப் போட்டு நிரூபிக்க 1999-ல் தாமஸ் ஹேல்ஸ் வர வேண்டியிருந்தது. எங்கள் தரைப்படத்துக்குத் தேனடை என்றே பெயர். சார்வாள் வைத்த பெயர்.

அந்தத் தேனடை வந்த கதை தனி. ஆறடிக்கு நாலடி, கட்டம் ஒவ்வொன்றும் 40 மில்லிமீட்டர், நீளவாக்கில் 52 வரிசை, அகலவாக்கில் 30. கறுப்புப் பின்னணி, கட்டக் கோடு மங்கிய நீலம், அங்கங்கே பொடி நட்சத்திரம். இரண்டு ராத்திரி உட்கார்ந்து டிசைன் பண்ணினேன். என்னிடம் ஃப்ளெக்ஸ் மெஷின் கிடையாது, ஒரு இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊர், பெயர் வேண்டாம், தொழிலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆபரேட்டர் தம்பி ஃபைலைத் திறந்து கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"அண்ணே, போட்டோ காணமே?"

"போட்டோ கிடையாது தம்பி."

"பேரு?"

"பேரும் கிடையாது."

இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "புதுக் கட்சியாண்ணே?" என்றார்.

முழுக் கறுப்பு என்றால் மை குடிக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். 24 சதுர அடி, முன்னூறு ரூபாய்க்குள் முடிந்தது. வீட்டில் வந்து விரித்தால் கட்டம் எல்லாம் கொஞ்சம் சப்பையாக இருக்கிறது. ரோலில் அகலம் பற்றாமல், கேட்காமலேயே ஒரு பக்கம் மட்டும் நசுக்கி அடித்திருக்கிறார்கள். நாலடி மூன்றே முக்கால் அடி ஆகிவிட்டது. அடித்ததைத் திருப்பிக் கொடுக்கவா முடியும்? வயிறு எரிந்தது. சார்வாள்தான் சொன்னார், "இதுல என்னவே போச்சு? அஞ்சு கட்டம்னா அஞ்சு கட்டந்தான. நசுங்குனா நாலாவா ஆயிரும்?" உண்மைதான். டேப் வைத்து ஆடுகிறவனுக்குத்தான் கால் அடி நஷ்டம். எண்ணி ஆடுகிறவனுக்கு ஒன்றுமில்லை. நட்டு மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் நெருக்கி நிற்கும். கறுப்பு ஃப்ளெக்ஸில் தையல்காரர் வைத்திருக்கும் சாக்கட்டி அழகாக எழுதும், ஈரத்துணியில் அழியும். இதைக் கண்டுபிடித்தது அக்கா மகன், பாபின் எடுக்கப் போன இடத்தில்.

கிரகத்துக்குத் தேங்காய்ச் சிரட்டை. விண்கற்களுக்குப் புளியங்கொட்டை. இதற்கெல்லாம் சிவகாசிக்குப் போக வேண்டியதில்லை.

இனிமேல்தான் விஷயமே. கப்பல் ஆட்டம் என்றால் பெரும்பாலும் கடல் கப்பல் மாதிரி ஓட்டுவார்கள். போ என்றால் போகும், திரும்பு என்றால் திரும்பும், நில் என்றால் நிற்கும். ஆகாயத்தில் அப்படி நிற்காது, தடுக்கிறதற்கு அங்கே காற்றும் இல்லை, தரையும் இல்லை. 1973-ல் அமெரிக்காவில் டிரிப்ளானெட்டரி என்று ஒரு விளையாட்டு வந்தது. கேம் டிசைனர்ஸ் ஒர்க்‌ஷாப் போட்டது, மார்க் மில்லரும் ஜான் ஹார்ஷ்மனும் செய்தது. சூரியனைச் சுற்றிக் கிரகங்கள் போட்ட அறுகோணப் படம், மேலே பிளாஸ்டிக் தாள், அதில் மெழுகுப் பென்சிலால் கோடு இழுத்துக் கப்பலை ஓட்ட வேண்டும். போன தடவை எந்தத் திசையில் எத்தனை கட்டம் போனாயோ, இந்தத் தடவையும் அதே திசையில் அத்தனை கட்டம். எண்ணெய் எரித்தால் அந்த முடிவை ஒரு கட்டம் தள்ளி வைக்கலாம். அவ்வளவுதான் விதி. 1978-ல் மேடே என்று அதே கம்பெனி ஒரு சின்ன விளையாட்டுப் போட்டபோது பென்சிலை விட்டுவிட்டு, கப்பலுக்கு மூன்று காய் என்று வைத்தார்கள். போன ரவுண்டில் நின்ற இடத்துக்கு ஒன்று, இப்போது நிற்கிற இடத்துக்கு ஒன்று, அடுத்த ரவுண்டில் போய்ச் சேரப்போகிற இடத்துக்கு ஒன்று.

இதை நான் விளக்கி முடிக்கவில்லை, சார்வாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பாடம் எடுக்கப்போகிறார் என்று அர்த்தம்.

"இது நம்ம நன்னூல்லா வே. இறப்பு, நிகழ்வு, எதிர்வு."

அன்றில் இருந்து மூன்று காய்க்கும் அதுதான் பெயர். நட்டு மேல் நிற்கிற கப்பல் நிகழ்வு. பின்னால் வைக்கிற வெள்ளைச் சட்டைப் பித்தான் இறப்பு. முன்னால் வைக்கிற சிவப்புப் பித்தான் எதிர்வு. "எதிர்வ எடுத்து வையி மாமா" என்று என்ஜினீயரிங் பையன் சொல்வதைக் கேட்க வேண்டுமே. இலக்கணத்தில் முப்பத்தைந்து வாங்கிய பையன்.

அதுவரை சிரித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்த சார்வாள் அன்றைக்குத்தான் ஆட வந்தார். அண்ணாச்சி வேறு விதமாகப் புரிந்துகொண்டார். "அப்போ போன ரவுண்டுல பண்ணுன கூத்துக்கு இந்த ரவுண்டுல அனுபவிக்கணும்னு சொல்லும்."

அனுபவிக்கத்தான் வேண்டும். வேகம் எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், ரவுண்டுக்கு ஒரு டீசல்தான் எரிக்க முடிகிற பெரிய கப்பல். (எரிபொருளுக்கு எங்கள் ஊரில் டீசல் என்றுதான் பெயர், வானத்துக்குப் போனாலும்.) நிற்க முடிவெடுத்த ரவுண்டில் ஏழு கட்டம் போகும், அடுத்தது ஆறு, அப்புறம் ஐந்து. கூட்டினால் 28 கட்டம். எங்கள் தேனடையின் அகலமே 30. அதாவது படத்துக்குள் நுழையும்போதே நிற்பதைப் பற்றி யோசித்திருக்க வேண்டும். பையன்கள் யோசிப்பதில்லை. அண்ணாச்சி முதல் ஆட்டத்திலேயே யோசித்தார். புளியரை எஸ் வளைவில் தக்காளியும் கத்தரிக்காயும் ஏற்றிக் கேரளாவுக்கு வண்டி விட்டவர். லோடு வண்டிக்கு பிரேக் எங்கே பிடிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு சுவை இதில் உண்டு. எதிராளியின் சிவப்புப் பித்தான் கண் முன்னால் இருக்கிறது. ரவுண்டுக்கு ஒரு டீசல் எரிக்கிற கப்பல் என்றால் அந்தப் பித்தான் இருக்கிற கட்டம், அல்லது அதைச் சுற்றியுள்ள ஆறு. மொத்தம் ஏழே இடம்தான். இரண்டு டீசல் கப்பல் என்றால் பத்தொன்பது. மூன்று என்றால் முப்பத்தேழு. ஏழு கதவில் எந்தக் கதவு வழியாக வருவான் என்று யோசித்துத்தான் சீட்டு எழுத வேண்டும். சதுரங்கத்தில் எதிராளி என்ன நினைக்கிறான் என்று தெரியாது. இங்கே பாதி தெரியும். பாதி தெரிவதுதான் வதை.

பீரங்கிக்கு ஃபுல் திரஸ்ட் விதியையே வைத்துக்கொண்டோம். பகடையில் நாலு, ஐந்து விழுந்தால் ஒரு அடி, ஆறு விழுந்தால் இரண்டு. தூரம் கூடக்கூடப் பகடை குறையும். கேடயத்துக்கு மட்டும் ஸ்டார் ஃபிளீட் பேட்டில்ஸைக் கை வைத்தோம். 1979-ல் ஸ்டீபன் கோல் என்பவர் செய்தது, பிளாஸ்டிக் பையில் போட்டு விற்ற சின்ன விளையாட்டாகத்தான் பிறந்தது. அதில் கப்பலுக்கு ஆறு பக்கமும் ஆறு கேடயம். ஒன்று கிழிந்தால் அந்தப் பக்கத்தைக் காட்டாமல் திரும்பித் திரும்பிச் சண்டை போட வேண்டும். அந்த யோசனை அருமை. மற்றபடி அந்த விளையாட்டு எனக்கு ஆகாது. ஒரு ரவுண்டை 32 துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் யார் நகரலாம் என்று அட்டவணை பார்க்க வேண்டும். ரவுண்டு தொடங்கும்போது எஞ்சின் சக்தியில் ஓட எவ்வளவு, சுட எவ்வளவு, கேடயத்துக்கு எவ்வளவு என்று பட்ஜெட் வேறு போட வேண்டும். விதிகளுக்கு எண், உள்எண், அதற்குள் இன்னொரு எண். சார்பதிவாளர் ஆபீஸ் பத்திரம் எழுதுகிறவர்களுக்குப் பிடிக்கும். உலகத்தில் நாற்பது வருஷமாக அதையே ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆடுபுலியை ஆகாயத்துக்குக் கொண்டுபோகவும் ஒருமுறை பார்த்தோம். மூன்று பெரிய கப்பல் புலி, பதினைந்து சின்னக் கப்பல் ஆடு. சின்ன வயதில் கோயில் மண்டபக் கல்லில் கீறியிருக்கும் கட்டத்தில் புளியங்கொட்டை வைத்து ஆடியவர்கள்தானே எல்லாரும். படுதோல்வி. ஆடுபுலியில் ஆட்டுக்குப் பலமே அசையாமல் நிற்பதில் இருக்கிறது. இரண்டு ஆடு அடுத்தடுத்து நின்றால் புலி தாண்ட முடியாது. இங்கே யாராலும் நிற்கவே முடியவில்லை. சுற்றி வளைத்தாயிற்று என்று சந்தோஷப்படுவதற்குள் வளைத்த ஆடுகள் எல்லாம் போன வேகத்தில் ஆளுக்கொரு திசையில் போய்க்கொண்டிருந்தன. பதினைந்து ஆட்டுக்கு முப்பது பித்தான் வேறு. எந்தப் பித்தான் எந்த ஆட்டுடையது என்று தேடியே சாயங்காலம் ஆகிவிட்டது. சார்வாள் பாதியில் டீ குடிக்கப் போனவர் திரும்பி வரவில்லை.

இந்த விளையாட்டு எங்களுக்கு என்ன செய்தது என்று தெரிந்தது 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம். கடையில் வேலையை நிறுத்திவிட்டு நாங்கள் மூன்று பேரும் மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். சந்திரயான்-3 இறங்குகிறது. நிலவுக்கு 30 கிலோமீட்டர் மேலே, நொடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து தொடங்கி, பத்தொன்பது நிமிஷம் போல. கூடியிருந்த மற்றவர்கள் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சியும் சார்வாளும் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு வேகத்துல வந்தவன எப்படிவே நிறுத்துவான்?" என்றார் பத்திரிகை வாங்க வந்த ஒருவர்.

"போற பக்கத்துக்கு என்ஜினத் திருப்பி எரிக்கான்" என்றார் அண்ணாச்சி, திரையில் இருந்து கண்ணை எடுக்காமல். "டீசல் மட்டும் காணணும்."

அதற்கடுத்த மாதம், செப்டம்பர் 2-ல் ஆதித்யா எல்-1 கிளம்பியது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி நம்ம செங்கோட்டைக்காரர். எங்கள் ஊரில் இருந்து ஒரு மணி நேர பஸ். அந்தக் கப்பல் போன இடம் சூரியன் பக்கமாகப் பூமியில் இருந்து 15 லட்சம் கிலோமீட்டர். அங்கே தரையும் இல்லை, கிரகமும் இல்லை. சூரியனும் பூமியும் இழுக்கிற கணக்கில் அமைந்த ஒரு வெற்றிடம், அதைச் சுற்றி ஒரு பாதை. 2024 ஜனவரி 6 அன்று சரியான நேரத்துக்கு என்ஜினை மூட்டி அந்தப் பாதைக்குள் நுழைத்தார்கள். மூட்டாமல் விட்டிருந்தால் அது பாட்டுக்கு வந்த போக்கில் போயிருக்கும். அன்று சாயங்காலம் சார்வாள் தேனடையை விரிக்கச் சொல்லி, காலியான ஒரு கட்டத்தில் சாக்கட்டியால் வட்டம் போட்டார். சிரட்டை இல்லை, கொட்டை இல்லை, வெறும் கட்டம். அதைச் சுற்றி ஒரு கப்பலை ஆறு ரவுண்டில் கொண்டுவர ஆளுக்கு ஒரு தரம் முயற்சி பண்ணினோம். சார்வாளுக்கு மட்டும் வந்தது. அவர் அதை ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சரி, தொலைந்த கப்பலுக்கு வருகிறேன்.

போன ஞாயிறு. வைகாசி கடைசி, காற்று லேசாகத் தலைகாட்டுகிறது. அக்கா மகனுக்கு லீவு. அவன் கப்பல் ரவுண்டுக்கு இரண்டு டீசல் எரிக்கிற ரகம், மொத்த டேங்க் பத்து. திசைகளுக்கு நாங்கள் எண் வைத்திருக்கிறோம். மலைப்பக்கம் ஒன்று, அதற்கு நேர் எதிரே மாடித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நாலு. அவன் மலைப்பக்கம் இருந்து கிளம்பி, சிரட்டைக்குப் பின்னால் பதுங்கியிருந்த அண்ணாச்சியின் கப்பலை நோக்கி நாலாம் திசையில் முறுக்கினான். முதல் ரவுண்டு வேகம் இரண்டு, அப்புறம் நாலு, ஆறு, எட்டு. மொத்தம் இருபது கட்டம், எட்டு டீசல் காலி. சீட்டில் என்ன எழுதினானோ, உதட்டைக் கடித்துக்கொண்டே எழுதினான்.

அண்ணாச்சி அசையவில்லை. வேகம் ஒன்று. மண்டியில் ஏலம் கேட்கும்போது எப்படி வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாரோ, அப்படியே.

சீட்டைத் திறந்தோம். பையனுடைய சிவப்புப் பித்தான் அண்ணாச்சியின் கப்பலைத் தாண்டிப் போய் விழுந்தது. பக்கத்தில் உரசிக்கொண்டு போனபோது ஒரே ஒரு தரம் சுட வாய்ப்பு. மூன்று பகடை உருட்டினான். ஒன்று, மூன்று, இரண்டு. அண்ணாச்சி திருப்பி உருட்டினார். ஐந்து, ஆறு. மூன்று அடி, பின்பக்கக் கேடயம் கிழிந்தது. பையன் கப்பலைத் திருப்பி மிச்சமிருந்த இரண்டு டீசலையும் எரித்தான். எட்டு ஆறானது. அவ்வளவுதான். டேங்க் வறண்டது. அடுத்த ரவுண்டில் ஆறு கட்டம், அதற்கடுத்து ஆறு கட்டம், தேனடையின் ஓரம் வந்துவிட்டது.

"கப்பல் அவுட்டு" என்று நான் எடுக்கப் போனேன்.

"கைய எடும்வே" என்றார் சார்வாள். "ஃப்ளெக்ஸ் முடிஞ்சா வானம் முடிஞ்சிருமா?"

ஆறு கட்டம் என்றால், நசுங்கிய கட்டத்தில், கிட்டத்தட்ட ஒன்பது அங்குலம். எங்கள் மாடியில் பதித்திருக்கும் தட்டோடும் ஒன்பது அங்குலம். ரவுண்டுக்கு ஒரு தட்டோடு. மற்ற நாங்கள் தேனடையில் சண்டையைத் தொடர, சார்வாள் ஒவ்வொரு ரவுண்டு முடிவிலும் எழுந்து போய், குனிந்து, அந்தக் கப்பலை ஒரு ஓடு தள்ளி வைத்துவிட்டு வந்தார். முழங்கால் வலிக்கிறவர், பதினொரு தரம் போய் வந்தார். பையன் முதலில் சிரித்தான். அப்புறம் அவனே எழுந்து போய் எத்தனையாவது ஓடு என்று பார்த்துவிட்டு வந்தான். யாராவது போய் இழுத்துக்கொண்டு வர முடியுமா என்று கேட்டான். கணக்குப் போட்டோம். என் கப்பல் வேகம் ஏழு எடுத்துத் துரத்திப் பிடித்தாலும், பிறகு இரண்டுக்கும் சேர்த்து நிறுத்த டீசல் இல்லை.

பன்னிரண்டாவது ரவுண்டுக்கு முன்னால் கீழே போய் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்தோம். திரும்பி வந்தால் பதினோராவது ஓடு காலி.

சுற்றித் தேடினோம். தொட்டிக்கு அடியில் இல்லை. கைப்பிடிச் சுவரைத் தாண்டி விழ வாய்ப்பில்லை, காற்று தூக்கவும் வாய்ப்பில்லை, முப்பது நம்பர் நட்டு அது. பையன் முருங்கை மரத்தைக் கூட அண்ணாந்து பார்த்தான். அப்போதுதான் தொட்டிக்கு அந்தப் பக்கம் அம்மா காயப்போட்டிருந்த கூழ்வத்தலைப் பார்த்தேன். அப்பாவின் பழைய வேட்டி விரிப்பு, நாலு மூலையிலும் கனம் வைத்திருந்தது. ஒரு மூலையில் அம்மி போன ஒரு குழவிக்கல், இரண்டாவதில் செங்கல், மூன்றாவதில் ஒரு செம்பு, நாலாவது மூலையில் ரேசர் கைப்பிடியை மலைப்பக்கம் நீட்டிக்கொண்டு எங்கள் கப்பல்.

அம்மா படியேறி வந்தாள். "காத்து வேட்டியப் பூரா தூக்குது. கனமா ஒண்ணும் கைக்குக் கிடைக்கல. அங்கன சும்மா கிடந்துச்சு, எடுத்து வச்சேன். ஏன், வேணுமா?"

நான் குனிந்து எடுக்கப் போனேன். சார்வாள் மறுபடி என் கையைத் தட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"அதுபாட்டுக்கு இருக்கட்டும் தங்கச்சி. வத்தல் காஞ்சதும் சொல்லுங்க, அங்கன இருந்து எண்ணிக்கிடுதோம்."